பிழையே இல்லாத நிரல்

அக்கா மகன் பைத்தான் படிக்கத் தொடங்கிப் பத்தே நாள். அதற்குள் பேக்கப் ஃபோல்டரில் இறங்கி, உள்ளே உள்ள ஃபோல்டர் எதையும் விடாமல் பழைய கோப்புகளை அழிக்கும் நிரல் எழுதிவிட்டான். ஓட்டினால் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று சிவப்பு எழுத்து.

அவன் பயன்படுத்திய ஓஎஸ்.வாக், ஃபோல்டர் ஃபோல்டராக, தெருத்தெருவாகப் போய்வரும். தெருவின் பெயரைத் தனியாகத் தரும், ஆளின் பெயரைத் தனியாகத் தரும். ஜாயின் போட்டு இரண்டையும் ஒட்டுவது நம் பாடு. மருமகனோ ஆள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினான். தன்னம்பிக்கை!

"பாதையை ஒட்டுடா" என்றேன். அவனிடம் அதைவிட நல்ல வழி இருந்தது. ட்ரை, எக்ஸெப்ட், பாஸ். சிவப்பு எழுத்து போயே போச்சு. புகார்ப் பெட்டியைக் கழற்றிவிட்டால் ஊரில் குறை ஏது? இந்த நிர்வாகத் திறமை கணினியோடு முடங்கக் கூடாது.

பயந்துபோய் நிரலை நிறுத்த கன்ட்ரோல்-சி அழுத்தினேன். வெறும் எக்ஸெப்ட் அதையும் விழுங்கிவிட்டு அடுத்த கோப்புக்கு நகர்ந்தது. என்ன கடமை உணர்ச்சி!

'வெற்றிகரமாக முடிந்தது' என்று திரையில் வந்தது. பேக்கப்பைத் திறந்தோம். பழைய கோப்புகள் அத்தனையும் பத்திரம். நிரல் நின்றிருந்த ஃபோல்டரில், அதே பெயர்கொண்ட புதிய கோப்புகளைத்தான் காணோம். நிரலையும் காணோம், அதன் பழைய பிரதி ஒன்று பேக்கப்பில் இருந்ததாம்.

"பார்த்தீங்களா மாமா, பேக்கப் எவ்வளவு முக்கியம்னு!" என்றான்.