முதல்நூலும் வழிநூலும்: இரு திறந்த கார்களின் கண்ணிமை குறித்து ஓர் ஆய்வு

நூலை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுத்த நம் முன்னோர், திறந்த காரை வகுக்காமலே போய்விட்டனர். அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு. (தலைப்பை ஏற்க வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. படித்துப் பார்க்க இன்னும் நேரம் வாய்க்கவில்லை.)

முதல்நூல்: 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த லோட்டஸ் எலான். நிறுவனர் காலின் சாப்மன். வடிவமைத்தவர் ரான் ஹிக்மன். ஃபைபர்கிளாஸ் உடல், உள்ளே முதுகெலும்பு போல் ஒற்றை எஃகுச் சட்டம், எடை 700 கிலோவுக்கும் குறைவு.

வழிநூல்: ஹிரோஷிமாவில் பிறந்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அரங்கேறிய மஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர் எஞ்சின், ஏறத்தாழ 950 கிலோ. மூலத்தைவிட உரை பருத்திருப்பது மரபே.

சார்புநூல்: பல. விடுக.

இருக்கை: இரண்டிலும் இரண்டு.

மழை: இரண்டிலும் பெய்யும்.

இனி, கண்.

இரு கார்களுக்கும் ஹெட்லைட் மூக்குக்குள் படுத்திருந்து, வேண்டும்போது எழும். மூக்கையும் தாழ்வாக வைத்துக்கொண்டு, விளக்கையும் சட்டம் கேட்ட உயரத்தில் காட்டும் உபாயம் இது. தொடக்ககால எலானில் கண்ணைத் தூக்குவது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம். அதைச் சேர்த்துவைக்கத் தனித் தொட்டி கிடையாது. எஃகுச் சட்டத்தின் முன்பக்கக் குறுக்குக் குழலே தொட்டி. அதில் துருவேறி ஊசித்துளை விழுந்தால், ஓடும்போதே கண் சொருகும்.

இவ்விடத்தில் பாடபேதம் உண்டு. கண் 'சொருகிற்று' என்பர் ஒரு சாரார். 'துயின்றது' என்பர் மற்றொரு சாரார். 'டியூப் லீக்கு' என்பது மெக்கானிக் பாடம். மூன்றாவது பொருந்தி வரினும், கேட்டவுடன் விளங்கிவிடுவதால் இடைச்செருகல் எனத் தள்ளப்பட்டது. (காண்க: என் முந்தைய கட்டுரை. அது இக்கட்டுரையைக் காணச் சொல்கிறது.) இடக்கண் முந்திச் சொருகின் அகத்திணை, வலக்கண் முந்தின் புறத்திணை, இரண்டும் ஒருசேரச் சொருகின் பள்ளம். (மேலது, மேலதன் அடிக்குறிப்பு, அவ்வடிக்குறிப்பை மறுத்து அதே ஆசிரியர் புனைபெயரில் எழுதிய மதிப்புரை, அம்மதிப்புரையின் நூல்வடிவத்துக்கு அவரே சொந்தப் பெயரில் வழங்கிய அணிந்துரை.)

வழிநூலிலோ கண்ணுக்கு ஒரு மின்மோட்டார். அது மக்கர் செய்தால், பானெட்டைத் திறந்து, மோட்டார் மேலுள்ள சிறிய ரப்பர் மூடியைக் கழற்றி, அடியிலிருக்கும் குமிழை விரலால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கண் மெல்ல மெல்ல மேலே வரும். அவ்வளவுதான். உரை எழுத ஒரு வரி இடமில்லை. 1998-இல் விற்பனைக்கு வந்த இரண்டாம் பதிப்பில் இமையையே எடுத்துவிட்டார்கள். சிலர் பிழைப்பில் மண்.

ஆகவே எலானே உயர்ந்தது எனத் துறையினர் ஒருமுகமாகத் துணிவதில் வியப்பில்லை. சாவியைத் திருகியதும் கிளம்பிவிடும் கார், எத்தனை பேருக்கு முனைவர் பட்டம் வாங்கித் தரும்? போதாக்குறைக்கு, 2016-இல் வழிநூலின் பிரதிகள் பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டன. எல்லோர் கையிலும் கிடைப்பதை ஆராய்வது அறிஞர்க்கு அழகன்று. ஓலை செல்லரித்திருக்க வேண்டும். குறைந்தது, எண்ணெயாவது ஒழுக வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்த ரெண்டுல நீங்க எதை ஓட்டிப் பாத்திருக்கீங்க?"

ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்ட கேள்வி என்று வழிகாட்டி தடுத்துவிட்டார்.