கத்தி வாழ்க, கை ஒழிக!

கேரளத்தின் தென் எல்லையில், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் கத்திக்குப் பஞ்சமே இல்லை, வெட்டத்தான் ஆளில்லை. தென்னையில் காய்ந்து தொங்கும் ஓலையை இறக்க மூன்று பேருக்கு போன் போட வேண்டும். மூன்று பேரும் "நாளைக்கு வாறேன் சாரே" என்பார்கள். அந்த நாளை வருவதற்குள் ஓலை தானாகவே இறங்கி, பக்கத்து வீட்டுக்காரரின் காரைப் பதம் பார்த்துவிடும். காரின் சொந்தக்காரர் வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதற்குள் வெல்வெட் விரிப்பு, எல்.இ.டி. விளக்கு, விளக்கின் கீழே முப்பது கத்திகள். முப்பதில் ஒன்றுகூட வெண்டைக்காயின் முகம் பார்த்ததில்லை.

இவர்கள்தான் கத்திச் சேகரிப்பாளர்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர், வங்கி மேலாளர், டெக்னோபார்க் பொறியாளர், இரண்டு பல் டாக்டர்கள் என்று செல்போனுக்குள் சபை கூடுகிறார்கள். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம், சண்டை மட்டும் இங்கிலீஷ். கட்டிய மனைவியின் ரத்த வகை தெரியாது. கத்தியின் எஃகு வகையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: 440-சி, டி-2, எஸ்30வி. ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு மடக்குக் கத்தி செருகியிருக்கும். தினமும் கூடவே இருக்க வேண்டிய கத்தியாம், அதற்கு 'ஈ.டி.சி.' என்று செல்லப்பெயர். தினமும் எதை வெட்டுகிறீர்கள் என்று கேட்டால் பதில் உண்டு: கூரியரில் வரும் அட்டைப்பெட்டியை. பெட்டிக்குள் என்ன? இன்னொரு கத்தி.

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு காலத்தில் உண்மையான சிநேகம் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சுவிட்சர்லாந்தின் இபாக்கில் 1884-இல் பட்டறை போட்ட கார்ல் எல்ஸனர், 1891-இல் ராணுவத்துக்குக் கொடுத்த கத்தி சிப்பாய் தகர டப்பாவைத் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றவும்தான். அப்படிப்பட்ட கத்திகளை மதித்தவர்கள், அவற்றால் வேலை செய்தவர்கள். ஒருவன் வாங்கியதை மற்றவனுக்கு அனுப்புவான். அவன் ஒரு மாதம் வைத்து மூங்கில் சீவிப் பார்த்து, "பிடி வழுக்குகிறது, முனை சீக்கிரம் மழுங்குகிறது" என்று எழுதித் திருப்பி அனுப்புவான். இப்போது கம்பெனி 'லிமிட்டெட் எடிஷன்' என்று நூறு கத்தி விடுகிறது. நடுராத்திரி விற்பனை. நண்பன் கண்ணயர்ந்த நேரம் பார்த்து நாலை வாங்கிப் பதுக்கி, விடிந்ததும் அதே நண்பனுக்கு இரட்டை விலைக்கு விற்பதற்குப் பெயர் முதலீடு. "அண்ணே, சுகமா?" என்று தொடங்கும் பேச்சு "ஜிபே நம்பர் அனுப்புங்க" என்று முடிகிறது. அனுப்பாவிட்டால் அண்ணன் அடுத்த நிமிடமே சபையிலிருந்து நீக்கப்படுவார். முப்பது கத்தி வைத்திருக்கிற மனிதன், நட்பை அறுக்க ஒற்றைக் கட்டைவிரலைப் பயன்படுத்துகிறான்.

எங்கள் பக்கத்தில் கத்தியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். திண்ணையில் வைப்பார்கள், கேட்டவன் எடுத்துக்கொள்வான். கையோடு கை மாறினால் உறவு அறும் என்று ஒரு நம்பிக்கை. மூடநம்பிக்கைதான். ஆனால் கூரான ஒன்று நமக்கு நடுவில் வந்திருக்கிறது, பார்த்து நடப்போம் என்கிற மரியாதை அதற்குள் இருந்தது. வெட்டுகத்தி மழுங்கினால் கொல்லன் பட்டறைக்குப் போகும். அங்கே துருத்தி ஊதும் நேரத்தில் ஊர்க்கதை முழுக்க வெந்துவிடும். ஆசாரி ஆளைப் பார்த்துத்தான் கத்தி அடிப்பார். இடக்கைக்காரனுக்கு வேறு சாய்வு, பாட்டிக்குக் கனம் குறைச்சல், முன்கோபக்காரனுக்குக் கொஞ்சம் மொட்டை முனை. லாரிப் பட்டையை அறுத்து, காய்ச்சி அடித்து, தோய்ச்சல் போட்டுக் கொடுத்த கத்தி அப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வரும்போது தேய்ந்து பாதியாகியிருக்கும். அந்தத் தேய்மானத்துக்குள் ஒரு குடும்பம் சாப்பிட்ட சோறு இருக்கும்.

அப்படிப்பட்ட பட்டறைகளில் ஒன்றிரண்டு இன்னும் மூச்சு விடுகின்றன. ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தபோது சேகரிப்பாளர் ஒருவர் வந்து போனைத் திறந்து படம் காட்டினார்.

"ஆசாரியே, இதுபோல ஒண்ணு வேணும். சுத்தியல் அடிச்ச தடம் நல்லா தெரியணும். கரியும் அப்படியே இருக்கட்டும். பார்த்தா நூறு வருசம் பழசுன்னு தோணணும்."

ஆசாரி படத்தைப் பார்த்தார். பிறகு வந்தவரைப் பார்த்தார்.

"சாரே, தடம் தெரியாம அடிக்கதுக்குத்தான் நான் இத்தன வருசம் சம்மட்டி பிடிச்சேன். தடம் தெரிஞ்சா எங்க அப்பன் எனக்க முதுகுல தடம் தெரிய வச்சிருப்பாரு."

"அது பழைய காலம். இப்ப இதுதான் ஸ்டைல்."

"எதை வெட்ட?"

"வெட்டவா? ஐயோ, வெட்டினா வேல்யூ போயிரும்."

ஆசாரி எண்ணூறு ரூபாய் கேட்டார். வந்தவர் ஐந்நூறுக்கு இறங்கச் சொன்னார். வெளிநாட்டுக் கத்திக்கு டாலரில், சுங்க வரியும் சேர்த்து, வாய் திறக்காமல் பணம் கட்டுகிற அதே வாய், கரி படிந்த ஒரு மனிதனைக் கண்டதும் முந்நூறு ரூபாய்க்காகத் திறந்துகொள்கிறது. பேரம் படியவில்லை. போகும்போது உலையின் முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். அதற்குக் காசு கேட்கலாம் என்று ஆசாரிக்குத் தோன்றவில்லை.

அந்தச் சேகரிப்பாளர் வீட்டு அலமாரியின் பெரியண்ணன் 'டமாஸ்கஸ்' கத்தி. அலை அலையாக வரி ஓடும். இன்று அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பாலானவை இருவகை எஃகை ஒட்டி மடித்து அடித்து, அமிலத்தில் முக்கி வரி எழுப்பியவை. அந்தப் புகழைச் சம்பாதித்துக் கொடுத்த பழைய வாள்களின் உருக்கு தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறியது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் மண்ணைத் தோண்டினால் உலை தட்டுப்படுகிறது. 1819-இல் மைக்கேல் ஃபாரடே நம் உருக்கைக் கையில் எடுத்து, இதற்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். இருநூறு வருடம் கழித்து நம் ஆள், அந்த உருக்கின் பெயரை மட்டும் தாங்கிய கத்தியைக் கடல் கடந்து வரவழைத்து, உருக்கு அடிக்கத் தெரிந்த ஆசாரியிடம் கொண்டுவந்து காட்டி, "இதுபோல உமக்கு வருமா?" என்கிறான். வயிறு எரியாமல் இருக்குமா?

கத்தியின் கதை இருக்கட்டும், அதைப் பிடித்த கை என்ன ஆனது? இந்த எல்லைக் கிராமங்களில் கத்தி என்றால் முதலில் பாளை அருவாள், அப்புறம் ரப்பர் கத்தி. பனையேறி இடுப்பில் அருவாப்பெட்டி கட்டி, விடிவதற்கு முன் பனை உச்சியில் இருப்பான். பலகையில் வெள்ளாரங்கல் பொடி தூவித் தீட்டிய அருவாளால் பாளையைத் தாள் கனத்துக்குச் சீவுவான். கனம் கூடினால் பாளை சீக்கிரம் தீரும். குறைந்தால் ஊறல் நிற்கும். ரப்பர் வெட்டுகிறவன் தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், ஒட்டுமரத்தின் பட்டையை இடது மேலிருந்து வலது கீழாக 30 டிகிரி சரிவில் வெட்டி வருவான். பட்டைக்கு அடியில் இருக்கிற உயிர்ப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். தாண்டினால் மரத்துக்குப் புண். இருட்டில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரத்தில், தினமும் அந்த ஒரு மில்லிமீட்டர். அலமாரிக்காரரோ பகல் வெளிச்சத்தில் பெட்டி திறந்தே கட்டைவிரலை அறுத்துக்கொண்டு, கட்டுப்போட்ட விரலைப் படமெடுத்துப் போடுகிறார். நாற்பத்தேழு பேர் இதயம் அனுப்புகிறார்கள்.

புதிய கத்தி அலுத்துப்போய் இப்போது பழையதற்கு வேட்டை ஆரம்பித்திருக்கிறது. பனையேறியவர் செத்துப்போன வீட்டுக்குச் சென்று, "தாத்தாவுக்க அருவாள் கிடக்கா?" என்று விசாரிக்கிறார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டுக் கேட்பார்; இவர்கள் அதைவிட நூறு ரூபாய் கூட்டிக் கேட்பார்கள். பிறகு அது சட்டம் போட்டுச் சுவரேறும். பனையேறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம் என்று வரி பிடுங்கிய ராஜ்யம் திருவிதாங்கூர். பனையேறிகளின் வீட்டுப் பெண்கள் தோளை மூடும் உரிமைக்கு 1859 வரை அடிபட்டுப் போராட வேண்டியிருந்தது, இதே மண்ணில். அன்று ராஜா கருவிக்கு வரி போட்டார். இன்று சேகரிப்பாளர் கருவிக்கு விலை போடுகிறார். இரண்டு கணக்கிலும் மரம் ஏறியவன் பெயரில் பூஜ்யம். அவன் அருவாள் வரவேற்பறைவரை வரலாம். அவன் பேரன், "நான் பனையேறுகிறேன், உங்க பொண்ணைக் கட்டித் தாங்க" என்று கேட்டு வந்தால் எந்த அறைவரை வருவான் என்று அந்தச் சுவரையே கேளுங்கள்.

அரசாங்கங்கள் மட்டும் இளைத்தவையா? 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அந்தப் பக்கம், இன்றைய தமிழ்நாட்டுக்குப் போயின; தமிழர் கேட்ட நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம், கேரளத்தில் நின்றது. மாமன் ஒரு மாநிலம், மருமகன் ஒரு மாநிலம். பனையும் பாளையும் அருவாளும் ஒன்றுதான். எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் கள் இறக்கினால், உரிமம் இருக்கிறவனுக்கு அது தொழில். அந்தப் பக்கம் இறக்கினால் 1987 முதல் குற்றம். அங்கே பனை மாநில மரம். அதன் கள் மாநில எதிரி. 2003 முதல் அதே அரசே கடை திறந்து சீமைச்சரக்கைச் சில்லறையில் ஊற்றுகிறது. பாட்டிலில் வந்தால் வருவாய், பாளையில் வந்தால் வழக்கு. சரி, கேரளம் சொர்க்கமா? கள்ளுஷாப்பு போர்டு பளபளக்கிறது. மரமேற ஆள் கிடைக்காமல் பாலக்காட்டுச் சிற்றூரிலிருந்து வண்டியில் கள் தென்திசை வருகிறது. போர்டைக் காப்பாற்றிவிட்டோம், ஏறுகிறவனைத் தொலைத்துவிட்டோம்.

சட்டத்துக்குக்கூட நம்மைவிட விவரம் தெரிகிறது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு மட்டும் விலக்கு. வேலை செய்கிற கத்தி கருவி, வேலையில்லாத கத்தி ஆயுதம் என்பதுதான் இதன் சாரம். எங்கள் சேகரிப்பாளர்கள் இதைப் படித்துவிட்டு வேலை தேடவில்லை. எட்டே முக்கால் அங்குலத்தில் கத்தி தேடினார்கள். ஆனால் விடிகாலை இருட்டில் பைக் பெட்டியில் ரப்பர் கத்தியோடு போகிறவனை யாராவது நிறுத்தினால், அவன் விதிமுறை சொல்ல முடியாது. கையிலிருக்கும் பால் கறையைக் காட்டி, "வெட்டப் போறேன் சாரே" என்பான். அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது என்பது நிறுத்தியவரின் மனநிலையைப் பொறுத்தது.

வேலையிழந்த கத்தி அலமாரியில் மட்டும் நிற்பதில்லை. 2018 பிப்ரவரியில் சென்னையை அடுத்த மலையம்பாக்கத்தில் ஒரு ரௌடியின் பிறந்தநாள். அருவாளால் கேக் வெட்டிக் கொண்டாடிய இடத்தில் போலீஸ் புகுந்து எழுபதுக்கு மேற்பட்ட சிநேகிதர்களை அள்ளியது. அதற்குப் பிறகு பட்டாக்கத்தியால் கேக் வெட்டி வீடியோ போட்டுக் கைதாகும் பையன்கள் செய்தித்தாளின் வாடிக்கையாளர்களாகிவிட்டார்கள். அவர்களும் நண்பர்கள்தான். ஒருவன் கத்தியை நீட்ட, இன்னொருவன் அதே கத்தியின் முனையிலிருந்து கிரீமை நக்குகிறான். பல் டாக்டருக்கு வெல்வெட், வேலையற்ற பையனுக்குக் கேக். பணம் இருக்கிறவனின் வெட்டிக் கத்தி கலை, இல்லாதவனின் வெட்டிக் கத்தி கேஸ். இரண்டு பேருமே ஒரு தேங்காயைப் பொதிக்கத் தெரியாதவர்கள் என்பதில் மட்டும் சமத்துவம்.

இனி நடக்கப் போவதும் தெரிந்ததுதான். இந்த அலமாரிகளெல்லாம் ஒன்று சேர்ந்து நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மியூசியம் ஆகும். குளிர்சாதன அறையில் பாளை அருவாளுக்குத் தனிக் கூண்டு. பொத்தானை அழுத்தினால் பனையேறியின் வாழ்க்கையை மூன்று மொழிகளில் ஒரு பெண்குரல் சொல்லும். திறப்பு விழாவுக்கு இரண்டு மாநிலத்து மந்திரிகளும் வந்து, அழிந்துவரும் பாரம்பரியம் பற்றிக் கண் கலங்குவார்கள். ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் ஆன்லைனில் வரும். வாசலில் நீலச் சட்டை போட்ட செக்யூரிட்டி ஒருவர் நிற்பார். முழங்காலும் நெஞ்சும் காய்ப்புக் காய்த்திருக்கும். பாறசாலைப் பக்கத்தில் கடைசியாகப் பனை ஏறிய ஆள் அவர்தான். மாதச் சம்பளம், ஒப்பந்த அடிப்படை. உள்ளே போகும் ஒவ்வொருவரின் பையையும் அவர் திறந்து பார்க்க வேண்டும், அதுதான் வேலை. மியூசியத்துக்குள் கத்தி கொண்டுபோக அனுமதியில்லை.