மந்தகாலத்தில் கம்பெனி கார்

கேள்வி: 2008-இன் பொருளாதார மந்தத்தில், பிரிட்டனில் கம்பெனி கார் ஓட்டியவர்கள் கொடுத்துவைத்தவர்கள்தானா?

பதில்: காரைக் கொடுத்தது கம்பெனி, அதை வருமானமாகக் கணக்கில் வைத்துக்கொண்டது வரித்துறை. சொந்த உபயோகத்துக்கும் ஓட்டப்படும் கம்பெனி காரின் பட்டியல் விலையில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டை ஊழியரின் வருமானத்தோடு சேர்த்து வரி விதிக்கும் அந்நாட்டு முறையில், 2002 முதல் அவ்விழுக்காட்டைத் தீர்மானித்தது வண்டி வெளியிடும் கரியமில வாயுவின் அளவே என்பதால், சம்பளம் உயராத காலத்தில் பெரிய கார் அந்தஸ்தாக இல்லாமல் அபராதமாகத் தோன்றியது. கிலோமீட்டருக்கு 120 கிராமுக்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு 10 விழுக்காடு என்ற சலுகை 2008 ஏப்ரலில் வந்ததும், மேலாளர்களுக்குத் திடீரெனச் சுற்றுச்சூழல் பற்று பெருகியிருந்தால் வியப்பில்லை.

கம்பெனிகளுக்கு இந்தக் கார்களை வாடகைக்கு விட்ட குத்தகை நிறுவனங்களின் பாடுதான் திண்டாட்டம். மாத வாடகை என்பது, புதுக்காரின் விலைக்கும் ஒப்பந்த முடிவில் அது என்ன விலைக்குப் போகும் என்று முன்கூட்டியே மதிப்பிடப்படும் எச்ச மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வட்டியோடு மாதங்களுக்குப் பங்கிடுவதாகும். பழைய கார்ச் சந்தை சரிந்து, திரும்பிவந்த வண்டிகள் மதிப்பிட்ட தொகைக்கு விலைபோகாதபோது, அந்த நட்டம் முழுவதும் குத்தகைக்கு விட்டவர் தலையில் விடிந்தது. மூன்றாண்டு ஒப்பந்தத்தை நான்காண்டாக நீட்டுவது இரு தரப்புக்கும் தோதாயிற்று: ஒருவருக்கு விற்கும் தொல்லை தள்ளிப்போனது, மற்றவருக்குப் புது வண்டியின் செலவு.

ஊழியர் நிலை வேறு. வேலையோடு சாவியும் போயிற்று. ஆனால் ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் அபராதம் என்பதால், ஆட்குறைப்பில் காலியான கார்களை, ஓட்ட ஆளில்லாமலேயே, வாடகை கொடுத்து வைத்துக்கொள்ளும் நிலை கம்பெனிக்கு நேர்ந்தது.