உத்தம நோயாளிகளுக்கு ஒரு வாழ்த்து

இளம்பருவ மனச்சோர்வுக்கு மருந்து தேடிப் புறப்பட்ட ஆராய்ச்சியாளர்களின் பெருமையை என்னவென்று சொல்வது! அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தின் நிதியில் 13 இடங்களில் நடந்து, 2004-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியான ‘டாட்ஸ்’ ஆய்வு ஒன்றே போதும். 12 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஃப்ளூவாக்சடின் மருந்தும் பேச்சு சிகிச்சையும் வெற்று மாத்திரையைவிடப் பலிக்குமா என்று பார்த்த ஆய்வு அது. தொலைபேசியில் விசாரிக்கப்பட்டவர்கள் 2,804 பேர். உள்ளே வந்தவர்கள் 439 பேர். சிலர் தாமாகவே விலகிக்கொண்டார்கள். மற்றவர்களை விதிகள் கவனித்துக்கொண்டன.

என்ன அருமையான விதிகள்! போதைப் பழக்கத்தில் சிக்கிய பிள்ளை வேண்டாம். மனம் சோர்ந்தவன் குடிப்பதாவது, கஞ்சா புகைப்பதாவது! ஃப்ளூவாக்சடின் வகை மருந்து இரண்டு முறை பலிக்காத பிள்ளையும் வேண்டாம். பலிக்காதவனை வைத்துக்கொண்டு பலிக்கும் என்று எப்படிக் காட்டுவது? ஆங்கிலம் பேசாத பிள்ளையோ பெற்றோரோ வேண்டாம். வேறு மொழியில் அழுவதெல்லாம் அழுகையா? சேர்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெள்ளையர். மற்ற நிறத்தவர் மகிழ்ச்சியாக இருந்தார்கள் போலும்.

எல்லாவற்றிலும் மேலானது இது: அண்மையில் தற்கொலைக்கு முயன்று இன்னும் பேராபத்தில் இருப்பவனும், சாகும் நினைப்போடு இருந்தும் கவனித்துக்கொள்ள முடியாத குடும்பத்தில் பிறந்தவனும் வாசலோடு சரி. உயிருக்குப் போராடுபவனுக்கு வெற்று மாத்திரை கொடுப்பது பாவம், நியாயம்தான். அவனுக்கு எதைக் கொடுத்தால் புண்ணியம் என்று சோதித்துப் பார்க்காமல் விட்டார்களே, அந்த அடக்கம் யாருக்கு வரும்?

12 வாரத்தில் பலன் கனிந்தது. ஃப்ளூவாக்சடினும் பேச்சு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதத்தினர் நன்கு தேறினார்கள். வெற்று மாத்திரை விழுங்கியவர்களில் சுமார் 35 சதவீதத்தினர். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட, ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிகள் இவர்களிடம் பாடம் கேட்கலாம்.

வாசலில் நின்ற பிள்ளைகள் எங்கே போனார்கள் என்கிறீர்களா? மருத்துவமனைக்குத்தான். அங்கே இருக்கும் மருத்துவருக்கு இந்த நாகரிகம் எதுவும் தெரியாது. குடித்தவன், ஆங்கிலம் வராதவன், நேற்றுத்தான் சாக முயன்றவன் என்று வருகிறவர்களை எல்லாம் உள்ளே விட்டுவிடுகிறார். விட்டதோடு நில்லாமல், அதே 71-ஐ நம்பி மருந்தும் எழுதித் தருகிறார்.