அசல் பான்கேக் ஒன்று, சீஸ் போட்டு

ஆம்ஸ்டர்டாம் மத்திய நிலையத்தில் ரயிலேறினால் இருபது நிமிடத்துக்குள் ஸான்டைக் வந்துவிடும். இறங்கியதும் மூக்கில் ஏறுவது கோகோ வாசனை. அந்த வட்டாரத்தில் கோகோ தொழில் இன்னும் ஓடுகிறது. ஸான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஸான்ஸே ஸ்கான்ஸ். பச்சை வண்ண மரவீடுகள், காற்றாலைகள், சீஸ் கடை, மரச்செருப்புப் பட்டறை, எல்லாவற்றுக்கும் முன்னால் செல்ஃபி எடுக்கும் கூட்டம். குடியிருப்பவர்கள் ஏறத்தாழ 100 பேர். 2024-இல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சுமார் 26 லட்சம் பேர். கூட்டம் தாங்காமல், 2026 வசந்த காலம் முதல் தலைக்கு 17.50 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கும் திட்டத்தை நகராட்சி 2025-இல் வெளியிட்டது.

அந்தக் கூட்டத்தில் இருவர், மதியம் ஒரு மணிக்கு, பான்கேக் உணவகம் ஒன்றின் வாசலில் நிற்கிறார்கள். மாப்பிள்ளை ஐந்தோவனில் பொறியாளர். எந்த ஊருக்குப் போனாலும் எக்ஸெல் தாள் ஒன்றைக் கூடவே கொண்டுபோவார். அதில் ‘அசல்’, ‘சுற்றுலாக்காரர்களுக்கானது’ என்று இரண்டு கட்டங்கள். அத்தை காரைக்குடியில் மெஸ் நடத்தியவர். கல் காய்ந்திருக்கிறதா என்பதை வாசனையிலேயே சொல்லிவிடுவார். மகளும் பேரப்பிள்ளைகளும் மரச்செருப்பு கடைவதைப் பார்க்கப் போய்விட்டதால், இந்த இருவரும் தனியாக மாட்டிக்கொண்டார்கள்.

“அத்தை, உள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். இது சுற்றுலாக்காரங்களுக்குப் போட்ட செட்டு.”

“செட்டுன்னு தெரிஞ்சும் ஏன் மாப்பிள்ளை கூட்டிட்டு வந்தீங்க?”

“பாத்தாத்தானே இது அசல் இல்லைன்னு எழுத முடியும்?”

செட்டு பலமாகத்தான் இருந்தது. சுவரில் செம்புச் சட்டிகள், நீலப் பூப்போட்ட ஓடுகள், ஜன்னலில் லேஸ் திரை, மூலையில் ஒரு மனிதர் உள்ளே நிற்கும் அளவுக்கு மஞ்சள் மரச்செருப்பு. அதில் ஏறி நின்று படமெடுக்க வரிசை. மாப்பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டே அந்த வரிசையைப் படமெடுத்தார்.

“காலைல பசிக்குதுன்னப்பவே இங்க வந்திருக்கலாம்ல?”

“டச்சுக்காரங்க பான்கேக்கைக் காலைல தொட மாட்டாங்க அத்தை. வீட்ல அது அவங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு. ஆளுக்கு ஒண்ணு, தட்டு நிறைய. இனிப்பும் அதுலயே, காரமும் அதுலயே.”

“ஆம்ஸ்டர்டாம்ல ஏதோ பான்கேக் படகு இருக்குன்னு உங்க பொண்ணு சொன்னாளே?”

“இருக்கு. 75 நிமிஷம் தண்ணில சுத்தும். சுத்தி முடியற வரைக்கும் எத்தனை வேணாலும் சாப்பிடலாம். ஆனா அது பாரம்பரியத்தைக் கேலி பண்ற மாதிரி.”

“அளவில்லாம போடறது கேலியா? என் மெஸ்ல அதுக்கு அன்லிமிடெட் மீல்ஸ்னு போர்டே வச்சிருந்தேன்.”

தட்டு வந்தது. குறுக்கே 30 சென்டிமீட்டர் இருக்கும். பிரெஞ்சுக்காரர்களின் கிரேப்பைவிடத் தடிமன், அமெரிக்கர்கள் அடுக்கிவைத்துச் சாப்பிடுவதைவிட மெலிது. அத்தை முட்கரண்டியால் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். மெஸ்ஸுக்கு வரும் சுகாதார ஆய்வாளரின் முகம் அப்போது அவருக்கு இருந்தது.

“சீஸை மேல தூவலை. சட்டிலயே மாவோட சேர்ந்து வெந்திருக்கு. நல்ல கை.”

“பேக்கனும் அப்படித்தான். முதல்ல துண்டுகளைச் சட்டில வறுத்து, அந்தக் கொழுப்பு உருகினதும் மேல மாவை ஊத்துவாங்க. அதுக்கு மேல இந்த ஸ்ட்ரோப்.” மாப்பிள்ளை மேசையிலிருந்த கறுத்த பாகுப் புட்டியைக் காட்டினார். “சர்க்கரைக் கிழங்குப் பாகு. நெப்போலியன் காலத்துல இங்கிலாந்தோட சண்டை. கரும்புச் சர்க்கரைக் கப்பல் வரலை. கிழங்குலருந்து சர்க்கரை எடுக்கச் சொல்லி அவர் 1811-ல உத்தரவு போட்டார்.”

“பன்றிக் கறி மேல பாகு ஊத்திச் சாப்பிடறதுக்கு நெப்போலியனா காரணம்?”

“அதை இவங்களே பழகிக்கிட்டாங்க.”

அத்தை தன் தட்டை நகர்த்திவிட்டு மாப்பிள்ளையின் ஆப்பிள் பான்கேக் பக்கம் குனிந்தார். “பட்டை வாசனை.”

“ஆமா. பதினேழாம் நூற்றாண்டுலருந்தே இந்த ஊர்ச் சமையல்ல பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்க்கெல்லாம் இடம் உண்டு.”

“இங்க எங்க மாப்பிள்ளை பட்டை மரம்? இலங்கைலருந்து அள்ளிட்டு வந்ததுதானே?”

மாப்பிள்ளைக்கு ஆண்டு தெரியும். போர்த்துகீசியரை விரட்டி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658-இல். நாகப்பட்டினத்தைப் பிடித்ததும் அதே ஆண்டில்தான். பிறகு 1796-இல் ஆங்கிலேயர் வரும்வரை இலங்கைப் பட்டை வாணிகம் கம்பெனியின் பிடியில் இருந்தது. இதையெல்லாம் அவர் சொல்லி முடித்தபோது, அத்தை அவருடைய தட்டில் பாதியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். “பழைய பாக்கி,” என்றார்.

“ஆனா இது அசல் இல்ல அத்தை. அசல்னா பக்வீட் மாவு. பேர்லதான் வீட் இருக்கு, கோதுமைக்கு அது சொந்தமே கிடையாது. கிழக்கே ட்ரென்டே பக்கம் சத்தில்லாத மண்ணு. சதுப்புக் கரிநிலத்தைக் கொளுத்தி, அந்தச் சாம்பல்ல விதைப்பாங்க. ஒரு ராத்திரி உறைபனி விழுந்தா மொத்தப் பயிரும் போச்சு. அப்புறம் ரசாயன உரம் வந்தது, அந்த மண்ணுல வேற பயிர் வந்தது, பக்வீட் காணாமப் போச்சு.”

“ஆக, வேற வழியில்லாதவங்க தின்னது. வசதி வந்ததும் அத்தனை பேரும் கோதுமைக்கு ஓடிட்டாங்க. நீங்க மட்டும் ஐந்தோவன்ல சம்பளம் வாங்கிக்கிட்டு எதிர்த்திசைல நடக்கிறீங்க.”

“ரெம்ப்ராண்ட் 1635-ல ஒரு படம் செதுக்கியிருக்கார், பாருங்க.” மாப்பிள்ளை போனை நீட்டினார். கிழவி ஒருத்தி தெருவில் உட்கார்ந்து பான்கேக் சுடுகிறாள். சுற்றிலும் பிள்ளைகள். முன்னால் ஒரு குழந்தை, தன் பங்கைப் பிடுங்க வரும் நாயிடமிருந்து அதைக் காப்பாற்றப் போராடுகிறது. “அதுக்கும் முன்னாடி, 1560-லயே பீட்டர் ஏர்ட்சன் ஒரு பான்கேக் சமையலறையை வரைஞ்சிருக்கார். ராட்டர்டாம் அருங்காட்சியகத்துல இருக்கு. இதுதான் அத்தை அசல். கூட்டம் இல்ல, செட்டு இல்ல, விளம்பரம் இல்ல.”

“கூட்டம் இல்லையா? கல்லைச் சுத்தி இத்தனை பேர் நிக்கிறாங்க. தெருவுல சுட்டா வாசனைதான் விளம்பரம். இந்தப் பொம்பள தொழில் தெரிஞ்சவ.”

பக்கத்து மேசைக்கு ஒரு தட்டு பொஃபர்ச்சஸ் போனது. வெண்ணெய் உருக, பொடித்த சர்க்கரை பனி போல் மூட, குட்டிக் குட்டியாக உப்பிய உருண்டைகள். அத்தை எழுந்தே விட்டார். திறந்த சமையலறையில் வரிசை வரிசையாய்க் குழி போட்ட வார்ப்பிரும்புத் தட்டு கிடந்தது. குழிப்பணியாரக் கல்லின் பெரியப்பா மகன் போல. மாவில் ஈஸ்ட்டும் கொஞ்சம் பக்வீட்டும் சேர்ப்பார்கள். சமையல்காரர் நீளமான முட்கரண்டியால் ஒவ்வொன்றையும் குத்திப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் புரட்டும் வேகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அத்தை திரும்பி வந்தார்.

“பக்வீட் காணாமப் போச்சுன்னீங்க. அந்தக் குழிக்குள்ள உக்காந்திருக்கு.”

மாப்பிள்ளை பேச்சை மாற்றினார். “இந்த ஊரே ஏமாத்து அத்தை. இந்த வீடுங்க எதுவும் இங்க கட்டினது இல்ல. இரண்டாம் உலகப் போருக்கப்புறம் ஸான் வட்டாரத்துல பழைய மரவீடுகளை இடிச்சுக்கிட்டே வந்தாங்க. யாப் ஸ்கிப்பர்னு ஒரு கட்டடக் கலைஞர் யோசனை சொல்லி, 1961-லருந்து ஒவ்வொரு வீடா லாரிலயும் படகுலயும் தூக்கிட்டு வந்து நட்டாங்க. காற்றாலை கூடக் கலப்படம். சாயப்பொடி அரைக்கிற ‘டெ கட்’ இருக்கே, அதுக்கு அடிப்பகுதி ஒரு ஆலையோடது, மேல்பகுதி ‘டெ டாய்ன்யாகர்’ங்கற இன்னொரு ஆலையோடது. 1960-ல ஒட்டவச்சாங்க.”

“சாயப்பொடி அரைக்குதா?”

“அரைக்குது.”

“அப்புறம் என்ன கலப்படம்?”

மாப்பிள்ளை காற்றாலையை வேளாண்மைக் கவிதையாகப் பார்த்துப் பழகியவர். உண்மையில் இந்த ஆற்றங்கரை ஒரு தொழிற்பேட்டை. காலப்போக்கில் இந்த வட்டாரத்தில் 600-க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. மரம் அறுக்க, எண்ணெய் பிழிய, காகிதம் செய்ய, கடுகு அரைக்க, தூரக் கிழக்கிலிருந்து வந்த நெல்லின் உமி நீக்க. காற்றாலையின் சுழற்சியை ரம்பத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றும் வழியை உய்ட்கேஸ்ட் ஊர்க்காரர் கொர்னேலிஸ் கொர்னேலிஸ்ஸோன் 1590-களில் கண்டுபிடித்ததால் மரம் அறுக்கும் வேலை வேகம் பிடித்தது. கப்பல் கட்டுவது பெருகியது. கப்பல் கட்டக் கற்றுக்கொள்ள ரஷ்யப் பேரரசர் பீட்டரே 1697-இல் ஸான்டாமுக்கு வந்து இறங்கினார். இடிக்கிற சத்தமும் எண்ணெய் நாற்றமும் நிறைந்திருந்த இடத்தை இன்று லேஸ் திரை வழியாகப் பார்த்து அமைதி என்கிறோம்.

“சரி மாப்பிள்ளை, ஒரு சந்தேகம். போன வாரம் உங்க வீட்ல பிள்ளைங்களுக்குப் பான்கேக் சுட்டீங்களே, அது என்ன மாவு?”

மாப்பிள்ளை பாகுப் புட்டியின் மூடியைத் திருகினார்.

“பிளாஸ்டிக் பாட்டில்ல பாதி அளவுக்குப் பொடி இருந்தது. பால் ஊத்தினீங்க. இருமல் மருந்தைக் குலுக்கற மாதிரி குலுக்கினீங்க. சட்டில ஊத்தினீங்க.”

“அது... இங்க நிறைய வீட்ல அப்படித்தான். சூப்பர் மார்க்கெட்ல கிடைக்கும்.”

“அப்ப அதானே அசல்?”

இந்தக் கேள்விக்கு எக்ஸெல் தாளில் கட்டம் இல்லை. அவர் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, பொஃபர்ச்சஸ் வாங்கிய மேசையில் சிரிப்பொலி எழுந்தது. நரைத்த தம்பதி ஒன்று, மூன்று பேரப்பிள்ளைகள். டச்சு மொழியில்தான் பேசிக்கொண்டார்கள். பாட்டி பான்கேக்கைப் பாய் போலச் சுருட்டி, துண்டு துண்டாக நறுக்கிக் கடைக்குட்டிக்குக் கொடுத்தார். தாத்தா விரித்தபடியே கத்தியும் முட்கரண்டியுமாக வெட்டினார். சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் கல்லாப் பக்கத்திலிருந்த மரப்பெட்டிக்கு ஓடி, ஆளுக்கொரு குட்டிப் பொம்மையைத் துழாவி எடுத்தார்கள்.

“அவங்க எந்தக் கட்டம் மாப்பிள்ளை?”

“அவங்க... உள்ளூர்க்காரங்க. ஆனா சுற்றுலா வந்திருக்காங்க.”

நெதர்லாந்தில் பான்கேக் உணவகங்கள் பெரும்பாலும் இருக்கும் இடங்களைப் பார்த்தால் அவருடைய திணறல் புரியும். காட்டோரம், மணற்குன்று ஓரம், பண்ணை வீடு, கோட்டை அருகே. பக்கத்தில் ஊஞ்சலும் சறுக்கு மரமும் இருக்கும். சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு சைக்கிள் மிதித்து வருவார்கள்; பிறந்தநாளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள்; தாத்தா பாட்டியால் பேரப்பிள்ளைகளை வேறெங்கும் இவ்வளவு எளிதாகச் சமாளிக்க முடியாது. செம்புச் சட்டி மாட்டிய சுவரும் பொம்மைப் பெட்டியும் வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் வைத்தவை என்று சொல்ல முடியாது. டச்சுக்காரர்கள் வீட்டில் பாட்டிலைக் குலுக்குகிறார்கள். அலங்காரத்துக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட வெளியே வருகிறார்கள்.

“அப்ப செட்டு போட்டது உங்களுக்காக இல்ல,” என்றார் அத்தை. “அவங்க தங்களுக்குப் போட்டுக்கிட்டது. நீங்க நடுவுல வந்து, உங்களை ஏமாத்திட்டாங்கன்னு புகார் எழுதறீங்க.”

“எல்லாத்தையும் பாரம்பரியம்னு ஒத்துக்க முடியாது அத்தை. இங்க நவம்பர் 29 அன்னிக்குச் சில பேர் தலைமேல பான்கேக் வச்சுக்கிட்டுக் கொண்டாடறாங்க. புனித பான்கேக் திருநாளாம். எங்கருந்து வந்தது தெரியுமா? 1986-ல யான் க்ராய்ஸ் வரைஞ்ச காமிக்ஸ் தொடர்லருந்து. முழுக் கற்பனை!”

“தலைல வச்ச பான்கேக்கை அப்புறம் சாப்பிடறாங்களா?”

“சாப்பிடுவாங்கன்னுதான் நினைக்கிறேன்.”

“பிள்ளைங்க சிரிக்குமா?”

“சிரிக்கும்...”

“அப்ப அதையும் எழுதிக்குங்க. எந்தக் கட்டம்னு நான் கேக்கல.”

பில் வந்தது. அத்தை அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “மாவு, பால், முட்டை. கொஞ்சம் சீஸ். எங்க மெஸ் கணக்குல தட்டுக்கு ஒரு யூரோ தாண்டாது. வாங்கறது 15. மீதியெல்லாம் செம்புச் சட்டிக்கும் செருப்புக்கும். எனக்கு இந்தப் புத்தி அப்பவே வரலையே! சுவத்துல ரெண்டு பழைய உலக்கையைச் சாத்திவச்சிருந்தா இட்லியை 200 ரூபாய்க்கு வித்திருக்கலாம்.”

“இதுதான் அத்தை நான் சொல்ற சுற்றுலாக் கொள்ளை. அசல் எங்கயாவது மிச்சம் இருக்கும். தேடணும்.”

“தேட வேண்டாம். வரும்போது தாண்டி வந்தோம். பாலத்துக்கு அந்தப் பக்கம், ரயிலடிலருந்து நடந்து வந்தமே, அங்க ஒரு காற்றாலை நின்னுச்சே. நீங்க போன்ல வழி பாத்துக்கிட்டு வந்தீங்க.”

மாப்பிள்ளை போனில் தேடினார். முகம் மாறியது. ‘டெ ப்ளேகெ டோட்’, அதாவது வெளிறிய சாவு. பேரைக் கேட்டால் பேய்க்கதை. தொழில் மாவு அரைப்பது. 1656-இல் எழுந்த ஆலை, இருந்த இடத்திலேயே நிற்கிறது. யாரும் லாரியில் தூக்கிவரவில்லை. இன்றும் மாவு அரைக்கிறது. ஸான்ஸே ஸ்கான்ஸ் போகும் அவசரத்தில் ரயில் பயணிகள் கூட்டம் கூட்டமாய் அதன் பக்கமாகத்தான் நடந்து போகிறார்கள்.

“அத்தை! இது அசல்! முழு அசல்!”

“சரி, போற வழில மாவு விக்கிறாங்களான்னு கேட்டுப் பாப்போம். அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடுங்க. நாளைக் காலைல பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள நானே கரைச்சுச் சுட்டுத் தர்றேன்.”

மாப்பிள்ளை எழுந்த வேகத்தில் மறுபடி உட்கார்ந்தார். “காலைலயா? அத்தை, பான்கேக் இங்க ராத்திரிச் சாப்பாடு. காலைல சுட்டா அது அசல் இல்லையே!”

“தெரியும் மாப்பிள்ளை. உங்க பங்கை மட்டும் மூடி வச்சிடறேன். ராத்திரி வந்து ஆறினதை அசலாச் சாப்பிடுங்க.”