சுசீந்திரம் வரைக்கும் புல்லட் ரயில்

2017 ரயிலுக்கு ராசியான வருஷம். கன்னியாகுமரி–திருவனந்தபுரம் 87 கிலோமீட்டரை இரட்டைப் பாதையாக்க டெல்லி ஒப்புதல் தந்தது. மதிப்பு 1,432 கோடி. அதே வருஷம் செப்டம்பர் 14 அன்று, ஜப்பான் பிரதமரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு அடிக்கல். 508 கிலோமீட்டர். 1.08 லட்சம் கோடி.

வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 212 கோடி. நம் இரட்டைப் பாதைக் காசு மொத்தத்தையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டினால் ஏழு கிலோமீட்டர்கூடத் தேறாது. நாகர்கோவில் வடசேரியில் ஏற்றிச் சுசீந்திரத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கே நிற்கிற 18 அடி ஆஞ்சநேயர்தான் இந்த வட்டாரத்தின் முதல் அதிவேகச் சேவை. சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தார். மருந்துவாழ்மலை அவர் சிந்திய துண்டு. ஜப்பானில் கடன் வாங்கியதாகப் புராணத்தில் இல்லை.

புல்லட் ரயிலுக்கு ஜப்பான் தரும் கடனுக்கு வட்டி 0.1 சதவீதம்தானே என்கிறார்கள். ஏறக்குறைய ஓசியாம். தவணை 50 வருஷம். கடன் யென்னில், டிக்கெட் காசு ரூபாயில். கடைசித் தவணை அன்று ரூபாய் எங்கே கிடக்கும் என்று வள்ளியூர் ஜோசியரும் சொல்லமாட்டார். தினம் குறைந்தது 88,000 பேர் ஏறினால்தான் கட்டுப்படியாகும் என்று 2016-லேயே கணக்குச் சொன்னது அகமதாபாத் ஐ.ஐ.எம். (அந்த ஊர்க்காரர்கள் போட்ட கணக்கு. நம்மைத் தேசத்துரோகி என்று திட்ட வழியில்லை.)

எதிர்க்கட்சிக்காரர்கள் யோக்கியர்களா? டெல்லியில் புல்லட் ரயிலைத் திட்டிய சிவப்புக்கொடிக்காரர்கள், பாறசாலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் சில்வர்லைன் ரயில் என்று 63,941 கோடிக்கு மஞ்சள் கல் நட்டார்கள். 2022-ல் ஜனங்கள் பிடுங்கி எறிந்தார்கள்.

இங்கே நம் பாதையில் பயணிகளைத் தேடவேண்டியதில்லை. படிக்கட்டில் தொங்குகிறார்கள். 2024 ஆகஸ்டில் நாகர்கோவிலுக்கு வந்தே பாரத் வந்தது, கொடி அசைத்தார்கள். அப்போதும் அதற்கு மேற்கே ஒற்றைத் தண்டவாளம்தான்.

இரணியலில் ஏறுகிற ஆச்சி திருவனந்தபுரம் ஆர்.சி.சி. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மடியில் ஸ்கேன் கவர். தூக்குச்சட்டியில் கஞ்சி. குழித்துறையில் வண்டி நின்றுவிட்டது.

"எப்பம் மக்கா எடுப்பான்?"

"கிராஸிங்கு ஆச்சி."

எதிரே வருகிற எக்ஸ்பிரஸ் தாண்டிப்போகும்வரை புற்றுநோயும் பிளாட்பாரத்தில் காத்திருக்கவேண்டும்.