மழை மீது நடவடிக்கை கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
நீர்ப் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
கோகோ கோலா நிறுவனம், அட்லாண்டா.

பொருள்: கேரளம், பாலக்காடு மாவட்டம், பிளாச்சிமடையில் நிலத்தடி நீரைத் தீர்த்துவிட்டு இன்றுவரை தலைமறைவாக இருக்கும் மழையைப் பிடித்து விசாரிக்க வேண்டுவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இருக்கிறது பிளாச்சிமடை. 2000-ஆம் ஆண்டு தங்கள் இந்தியக் கிளை அங்கே ஆலை திறந்தது. இரண்டே ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றுகின்றன என்றும், இருக்கிற தண்ணீரும் வாயில் வைக்க முடியாதபடி ஆகிவிட்டது என்றும் ஊரார் புகார் சொன்னார்கள். நாங்கள் காரணமில்லை, மழை பொய்த்துவிட்டது என்று தங்கள் தரப்பு விளக்கம் தந்தது.

அந்த விளக்கத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். என் வருத்தமெல்லாம், குற்றவாளியைப் பெயர் சொல்லிக் காட்டிய பிறகும் அதன் மீது ஒரு நடவடிக்கையும் இல்லையே என்பதுதான். கேரளத்தில் பல ஊர்களிலும் கொட்டுகிற மழை, பிளாச்சிமடை இருக்கும் சித்தூர் வட்டாரத்துக்கு வரும்போது கை இறுக்கும். அது மழைமறைவுப் பகுதி என்று அந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். ஆலைக்கு இடம் பார்க்க வந்த தங்கள் பொறியாளர்களிடம் மட்டும் மழை இந்த உண்மையை மறைத்திருக்கிறது. இது திட்டமிட்ட மோசடி. மோசடிப் புகாரை எந்தக் காவல் நிலையத்தில் கொடுப்பது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் தங்கள் துறையின் படிவங்களைப் பார்த்தபோது பொறியாளர்களையும் குறை சொல்ல முடியவில்லை. தண்ணீரால் வரக்கூடிய ஆபத்தை நிறுவனங்கள் வழக்கமாக மூன்று பத்தியில் எழுதுகின்றன. ஆலைக்குத் தண்ணீர் கிடைக்காமல் போவது முதல் பத்தி. அரசு சட்டம் போட்டுத் தடுப்பது இரண்டாவது. பெயர் கெட்டுப்போவது மூன்றாவது. இந்த அளவுகோலை வைத்தால் பிளாச்சிமடை அருமையான இடம். நிலத்துக்கடியில் தண்ணீர் இருந்தது, பெருமாட்டி பஞ்சாயத்து உரிமமும் தந்தது. பெயர் கெடுக்க அங்கே யார் இருந்தார்கள்? இரவாளர், மலசர் பழங்குடிக் குடியிருப்புகள்தானே.

கணக்கு பிசகியது 2002 ஏப்ரல் 22 அன்று. மயிலம்மா என்ற பழங்குடிப் பெண்ணும் ஊராரும் ஆலை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் வீட்டுக் குடம் காலியாக இருந்தவரை அது எந்தப் பத்தியிலும் சேராது. அவர் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் மூன்றாவது பத்தியில் உயர்நிலை ஆபத்து. கிணறு வற்றுவது ஆபத்தல்ல, கிணற்றின் சொந்தக்காரி வாய் திறப்பதே ஆபத்து என்று இவ்வளவு தெளிவாக வகுத்துக்கொண்ட துறை உலகில் வேறொன்று உண்டா?

தங்கள் தாராளத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆலையின் கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி உழவர்களுக்குக் கொடுத்தீர்கள். நன்றிகெட்ட பி.பி.சி. வானொலி 2003-இல் அதைச் சோதிக்கக் கொடுத்து, காரீயமும் காட்மியமும் இருப்பதாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் மக்களுடையது, நிலம் வாங்கியவர் இஷ்டத்துக்கு உறிஞ்ச முடியாது என்று டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. மறு ஆண்டு இரு நீதிபதிகள் அமர்வு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று தாராளம் காட்டியும் ஆலை மறுபடி ஓடவில்லை. இனித் திறக்கும் எண்ணமில்லை என்று 2017-இல் உச்சநீதிமன்றத்தில் தாங்களே சொன்னீர்கள்.

ராஜஸ்தானத்துக் காலாடேராவில் இருந்த தங்கள் ஆலையையும் இதே மழைதான் வஞ்சித்தது. அங்கே தாங்கள் கேட்டதன் பேரில் டெரி என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து, 2008-இல் அறிக்கை தந்தது. தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் ஆலையை வேறிடம் மாற்றுங்கள் அல்லது மூடுங்கள் என்பது அதன் சாரம். சொந்தச் செலவில் வாங்கிய அறிவுரை என்பதால் அவசரப்படாமல் ஆற அமர யோசித்து, 2016-இல் மூடினீர்கள்.

மயிலம்மா இறந்த அதே 2007-இல், பானத்துக்கு எடுக்கும் ஒவ்வொரு துளியையும் இயற்கைக்குத் திருப்பித் தருவோம் என்று பெய்ஜிங்கில் தங்கள் நிறுவனம் உறுதி கூறியது. குறித்த காலத்துக்கு ஐந்தாண்டு முன்பே, 2015-இலேயே அதை எட்டிவிட்டதாகப் பின்னர் அறிவிப்பும் வந்தது. உலகம் முழுவதையும் ஒன்றாகக் கூட்டிய கணக்கு அது. எதிர்வீட்டில் வாங்கிய கடனை அடுத்த ஊர்க் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு, தீர்ந்தது என்று எழுதிக்கொள்வது போல. அந்தக் கணக்கில் வருவதும் பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீர் மட்டுமே. நீர்த்தடம் என்ற கணக்கை உருவாக்கிய நெதர்லாந்து அறிஞர் ஹூக்ஸ்ட்ராவும் அவருடைய சகாக்களும், சர்க்கரை சேர்த்த அரை லிட்டர் பானம் ஒன்றுக்கு 169 முதல் 309 லிட்டர் வரை நீர் செலவாகும் என்று 2011-இல் கணக்கிட்டார்கள். அதில் ஏறக்குறைய எல்லாமே சர்க்கரை முதலான மூலப்பொருள்களை விளைவித்து எடுக்கப் போவது. கரும்புத் தோட்டத்துக்குப் பாய்ந்த தண்ணீர் தங்கள் துளிக் கணக்கில் வராது. அதைக் கரும்புதானே குடித்தது!

எனவே மழை மீதான விசாரணையைத் தாங்கள் தொடங்கும்வரை, நிலுவையில் உள்ள ஒரு சின்ன விஷயத்தைத் தீர்த்துவைக்குமாறு பணிவுடன் கேட்கிறேன். கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் பிளாச்சிமடையின் இழப்பை ரூ. 216.26 கோடி என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் திரும்பியது. சட்டம் வந்தால்தான் பணம் கொடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. துளித்துளியாகத் திருப்பித் தந்து பழகிய தாங்கள் இதையும் தவணையில் தரலாம். முதல் தவணை பிளாச்சிமடைக்கே போகட்டும், வேறு கண்டத்து ஏரிக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
எல்லைக்கு இந்தப் பக்கத்து வாசகன்